காசோலை திரும்பினால் சிறையா? கடன் தரும் கூட்டுறவுச் சங்கங்களின் சட்ட நடவடிக்கை குறித்து ஓர் எளிய விளக்கம்

காசோலை வழக்கில் இன்னாருக்குச் சிறைத்தண்டனை என்ற செய்தி தமிழ்நாட்டுத் தொலைக்காட்சியில் அடிக்கடி வருகிறது. அதைப் பார்த்துப் பழகிய நம்மவர்கள், இங்கே பினாங்கில் கோப்பராசி எனப்படும் ஒரு கூட்டுறவுச் சங்கத்துக்குக் கொடுத்த காசோலை திரும்பியது என்று தெரிந்தவுடன், மறுநாள் காலையில் போலீஸ் வாசலில் நிற்கும் என்று அஞ்சிக் கைப்பேசியை அணைத்துவிடுகிறார்கள். வேறு சிலரோ, "இது வங்கிக் கடன் இல்லை, கோப்பராசி கடன்தானே, அவர்களால் என்ன செய்துவிட முடியும்?" என்று சொல்லி, வந்த கடிதத்தைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் அலமாரிக்குள் போட்டுவிடுகிறார்கள். இரண்டு எண்ணமும் தவறு. அவற்றுள் அலமாரிக்குள் போடுகிறவர்களின் குடும்பங்கள்தாம் அதிகம் நொந்துபோகின்றன என்பது என் கருத்து. பட்டர்வொர்த், பிறை, புக்கிட் மெர்தாஜாம் பக்கத்தில் இதைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் பாதி உண்மையும் பாதி வதந்தியுமே காதில் விழுவதால், அடிப்படையிலிருந்து தொடங்கி இதை விளக்க முயல்கிறேன்.

555 புத்தகக் கடனும் காசோலைக் கடனும்

மளிகைக் கடையில் கடன் எழுதிவைக்கும் சின்னஞ்சிறு 555 புத்தகம் நம் எல்லாருக்கும் தெரியும். அரிசி, எண்ணெய், முட்டை என்று கடைக்காரர் எழுதிக்கொண்டே வருவார்; சம்பளம் வந்ததும் நாம் கணக்குத் தீர்ப்போம். நாளை நாம் மறுத்துவிட்டால், எந்தெந்த நாளில் எதை வாங்கினோம், என்ன விலைக்கு வாங்கினோம் என்று நிரூபிக்க வேண்டிய சுமை கடைக்காரருடையது.

காசோலை வேறு விதமானது. ஊரில் உங்கள் பணத்தை உங்கள் பெரியப்பா பாதுகாத்து வைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். "இந்தத் துண்டுச்சீட்டைக் கொண்டுவருபவருக்கு என் பணத்திலிருந்து 600 ரிங்கிட் கொடுத்துவிடுங்கள்" என்று எழுதிக் கையெழுத்திட்டு ஒருவரிடம் கொடுக்கிறீர்கள். பெரியப்பா, "என்னிடம் உன் பணம் ஏதும் மிச்சமில்லையே" என்று சொல்லி அவரைத் திருப்பி அனுப்பினால், அவர் நேராக உங்கள் வாசலுக்குத்தான் வருவார். பெரியப்பாவின் இடத்தில் வங்கியை வைத்தால் அதுதான் காசோலை: குறிப்பிட்ட தொகையை இன்னாருக்குக் கொடு என்று வாடிக்கையாளர் தம் வங்கிக்கு எழுத்தில் இடும் கட்டளை.

இது நமக்குப் புதியதும் அல்ல. ஜார்ஜ்டவுனில் லெபோ பினாங் தெருவில் கிட்டங்கி வைத்துத் தொழில் செய்த நகரத்தார், ஓர் ஊரில் எழுதிக் கொடுத்த சீட்டுக்கு வேறோர் ஊரில் பணம் கிடைக்கச் செய்த உண்டியல் முறையும் இதே கட்டளை வகையைச் சேர்ந்ததுதான். உண்டியல் எழுதியவருடைய நாணயத்தை நம்பித்தான் அந்தச் சீட்டு கடல்கடந்து போனது.

மலேசியாவில் காசோலைக்குரிய விதிகள் 1949ஆம் ஆண்டின் மாற்றுச்சீட்டுச் சட்டத்தில் உள்ளன. காசோலையில் கையெழுத்திட்டவர், அது முறைப்படி வங்கியில் காட்டப்படும்போது பணம் கிடைக்கும் என்றும், கிடைக்காவிட்டால் தாமே ஈடு செய்வதாகவும் உறுதி அளித்தவராகிறார் என்பது அந்தச் சட்டத்தின் சாரம். மேலும், காசோலையில் கையெழுத்து இருந்தால், ஏதோ ஒரு மதிப்பைப் பெற்றுக்கொண்டுதான் அவர் அதில் கையெழுத்திட்டார் என்று சட்டம் முதலில் அனுமானித்துக்கொள்ளும். 555 புத்தகத்தில் கடைக்காரர் தலையில் இருந்த சுமை, காசோலையில் கையெழுத்திட்டவர் தலைக்கு மாறிவிடுகிறது.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: காசோலை என்பது வெறும் வாக்குறுதி அல்ல, வங்கிக்கு இடும் கட்டளை, அது நிறைவேறாவிட்டால் எழுதியவரே பொறுப்பு, பொறுப்பில்லை என்று சொல்பவர்தான் காரணம் காட்ட வேண்டும்.

கடன் தரும் கூட்டுறவுச் சங்கம் என்பது யார்?

கூட்டுறவுச் சங்கம் என்றாலே நம்மில் பலருக்கு, துன் வீ.தி.சம்பந்தன் 1960இல் தோட்டத் தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் நினைவுக்கு வரும். அது தோட்டங்களை வாங்குவதற்காக எழுந்த இயக்கம். இங்கே நாம் பேசுவது உறுப்பினர்களின் சேமிப்பைத் திரட்டி உறுப்பினர்களுக்கே கடன் கொடுக்கும் வகை. பழைய தமிழில் சிக்கன நாணயச் சங்கம் என்பார்கள். வட்டிக்கடன் சுமையில் சிக்கிய சம்பளக்காரர்களுக்கு மாற்று வழியாக இத்தகைய சங்கங்கள் மலாயாவில் 1922இல் தொடங்கின. முதலாவதாகப் பதிவானது அஞ்சல், தந்தித் துறை ஊழியர்களின் சங்கம்.

இன்று இவை 1993ஆம் ஆண்டின் கூட்டுறவுச் சங்கச் சட்டத்தின் கீழ், 2008 முதல் இயங்கிவரும் மலேசியக் கூட்டுறவு ஆணையத்தின் கண்காணிப்பில் உள்ளன. உரிமம் பெற்ற வட்டிக்கடைக்காரர்களைக் கட்டுப்படுத்தும் 1951ஆம் ஆண்டின் சட்டம், பதிவு பெற்ற கூட்டுறவுச் சங்கத்துக்குப் பொருந்தாது. ஆகவே "வட்டிக்கடை உரிமம் இல்லாத சங்கம் எப்படிக் கடன் கொடுத்தது? இந்தக் கடன் செல்லாது" என்ற வாதம் நிற்காது. ஆனால் அந்த விலக்கு பதிவு பெற்ற சங்கத்துக்கு மட்டுமே உரியது. கோப்பராசி என்ற பெயரைப் பலகையில் எழுதிவைத்துக்கொண்டு பணம் கொடுக்கும் தனியாருக்கு அது கிடையாது. எனவே கையெழுத்திடும் முன் ஆணையத்தில் பதிவைச் சரிபார்ப்பது கட்டாயம் என்றே சொல்வேன்.

சங்கம் ஏன் இவ்வளவு கடுமையாகப் பணத்தைக் கேட்கிறது என்று வருந்துபவர்கள் ஒன்றைக் கருத வேண்டும். வங்கி கடன் கொடுக்கும்போது பின்னால் பெருமுதலாளிகளின் மூலதனமும் இருக்கிறது. சங்கம் கடன் கொடுக்கும்போது பின்னால் இருப்பது உங்களைப் போன்ற இன்னொரு துப்புரவுப் பணியாளரின், இன்னொரு தொழிற்சாலை ஊழியரின் மாதச் சந்தா. 1986இல் வைப்புத்தொகை வாங்கிவந்த 24 கூட்டுறவுச் சங்கங்கள் முடக்கப்பட்டபோது, சிறுசிறு சேமிப்பாளர்கள் தங்கள் சொந்தப் பணத்தை எடுக்க முடியாமல் தவித்தார்கள். அதன் பிறகு, வாராக் கடனைக் கண்டும் காணாமல் இருக்கும் நிர்வாகக் குழுவை உறுப்பினர்கள் மன்னிப்பதில்லை, மன்னிக்கவும் கூடாது.

ஏன் காசோலை கேட்கிறார்கள்?

அரசு ஊழியருக்குக் கடன் கொடுத்தால் தவணையை அங்காசா வழியாகச் சம்பளத்திலேயே பிடித்துக்கொள்ளலாம். அங்காசா என்பது நாட்டின் கூட்டுறவுச் சங்கங்களுக்குரிய தலைமை இயக்கம். தனியார் நிறுவன ஊழியருக்கும் சொந்தத் தொழில் செய்பவருக்கும் அந்த வசதி பெரும்பாலும் இல்லை. ஆகையால் சில சங்கங்கள் பின்தேதியிட்ட காசோலைகளை, அதாவது வருங்கால நாளைக் குறித்து இப்போதே கையெழுத்திட்ட காசோலைகளை, வாங்கிவைத்துக்கொள்கின்றன. வருங்காலத் தேதி போட்டிருப்பதால் மட்டும் ஒரு காசோலை செல்லாததாகிவிடாது. தேதி வந்த பிறகு வங்கியில் போடலாம். ஆனால் அந்தத் தேதியிலிருந்து ஆறு மாதம் கடந்துவிட்டால் காலாவதியானது என்று வங்கி திருப்பிவிடும்.

இதைவிடச் சிக்கலானது தொகை எழுதாமல் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுக்கும் வெற்றுக் காசோலை. "சும்மா பாதுகாப்புக்குத்தான், வங்கியில் போட மாட்டோம்" என்று சொல்லி வாங்குவார்கள். கையெழுத்திட்ட வெற்றுத்தாளைக் கொடுத்தவர், அதை நிரப்பும் அதிகாரத்தையும் சேர்த்தே கொடுத்ததாகத்தான் சட்டம் முதலில் கருதும். எனினும் அந்த அதிகாரத்துக்கு எல்லை உண்டு: ஒப்புக்கொண்டபடிதான் நிரப்ப வேண்டும். 4,000 ரிங்கிட் பாக்கியிருக்க 14,000 ரிங்கிட் என்று நிரப்பினால், கடன்பட்டவர் அதை எதிர்க்கலாம். எதிர்ப்பதற்கு ஒப்பந்தத்தின் பிரதியும் கட்டிய ரசீதுகளும் கையில் இருக்க வேண்டும். நம்மவர்களிடம் பெரும்பாலும் இல்லாமல் போவது அவைதாம்.

செக் தெண்டாங்: காசோலை எப்படித் திரும்புகிறது?

திரும்பிய காசோலையை மலாய்க்காரர்கள் பேச்சு வழக்கில் செக் தெண்டாங், அதாவது உதைபட்ட காசோலை என்பார்கள். பிறையில் லாரி ஓட்டும் ஒருவர் 12,000 ரிங்கிட் கடன் வாங்கி, மாதம் 600 வீதம் 24 காசோலைகள் கொடுத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பதினோராவது மாதத்தில் லாரி பழுதாகிறது. கணக்கில் 140 ரிங்கிட்தான் இருக்கிறது. சங்கத்தின் வங்கி காசோலையின் படிமத்தை மின்வழியில் அவருடைய வங்கிக்கு அனுப்புகிறது; அவருடைய வங்கி கணக்கைப் பார்த்துவிட்டு, பணம் கொடுக்காமல் காரணக் குறிப்போடு திருப்புகிறது. "ரெஃபர் டு டிராயர்" என்று அதில் எழுதியிருந்தால், ஏன் திரும்பியது என்று எழுதியவரையே கேளுங்கள் என்று பொருள். பெரும்பாலும் கணக்கில் பணமில்லை என்பதைத்தான் வங்கி இப்படி நாசூக்காகச் சொல்கிறது. கையெழுத்து மாறியிருப்பது, கணக்கு மூடப்பட்டிருப்பது, எழுதியவரே பணம் கொடுக்க வேண்டாம் என்று தடுத்திருப்பது ஆகியவையும் காரணங்களாகலாம்.

சங்கம் ஒன்றுமே செய்யாவிட்டாலும் ஒரு விளைவு தானாக நிகழும். போதிய பணமில்லாத காசோலைகளைப் பற்றிய தகவல் நாட்டின் மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் பீரோ மக்லுமாட் செக் என்ற காசோலைத் தகவல் மையத்துக்குப் போகிறது. 12 மாதத்துக்குள் மூன்று காசோலைகள் இப்படித் திரும்பினால் நடப்புக் கணக்கு மூடப்படும். சிறுதொழில் செய்பவருக்கு இந்த அடி வழக்கைவிட முன்னதாகவே வந்து விழுகிறது. அதனால்தான், கணக்கில் பணம் இருக்காது என்று முன்கூட்டியே தெரிந்தால், தேதிக்கு முன்பே சங்கத்துக்குப் போய், "இந்த மாதக் காசோலையைப் போடாதீர்கள், இன்ன நாளில் ரொக்கமாகக் கட்டுகிறேன்" என்று எழுதிக் கொடுத்து முத்திரை வாங்கிக்கொள்வது மிகவும் நல்லது.

சிறை உண்டா இல்லையா?

குழப்பத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது. இந்தியாவில் 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தில் 138ஆம் பிரிவு என்று ஒன்று சேர்க்கப்பட்டு 1989 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளது. அதன்படி, சட்டப்படி வசூலிக்கத்தக்க கடனுக்காகக் கொடுத்த காசோலை பணமின்றித் திரும்பினால் அதுவே குற்றம். பணம் கேட்டு முப்பது நாளுக்குள் அறிவிப்பு அனுப்பி, அது கிடைத்த பதினைந்து நாளுக்குள் பணம் வராவிட்டால், குற்றவியல் நீதிமன்றத்தில் புகார் கொடுக்கலாம். இரண்டாண்டு வரை சிறையோ, காசோலைத் தொகையின் இரு மடங்கு வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். தமிழ்நாட்டுச் செய்தியில் நாம் கேட்பது இதைத்தான்.

மலேசியாவில் அப்படியொரு பிரிவு இல்லை. காசோலை திரும்பியதால் மட்டும் ஒருவர் குற்றவாளி ஆகிவிடுவதில்லை. கடனை மீட்பதற்காக ஒருவர் இன்னொருவர் மீது தொடுக்கும் உரிமையியல் வழக்குக்கே அது வழி திறக்கிறது. ஆனால் ஒரு விலக்கை அழுத்திச் சொல்ல வேண்டும். காசோலையை எழுதிக் கொடுக்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்ட முடிந்தால், தண்டனைச் சட்டத்தின் ஏமாற்றுக் குற்றப் பிரிவுகள் வந்துசேரும். 420ஆம் பிரிவில் சிறைத்தண்டனை ஓராண்டிலிருந்து பத்தாண்டு வரை. மூடிவிட்ட கணக்கின் காசோலைப் புத்தகத்திலிருந்து தாளைக் கிழித்துக் கொடுத்துக் கடன் வாங்குவது இந்த வகைக்குள் விழக்கூடும். பத்து மாதம் ஒழுங்காகக் கட்டி, பதினோராவது மாதத்தில் லாரி பழுதாகித் தவறிய நம் ஓட்டுநரின் நிலை அதுவல்ல. "போலீஸில் சொல்லி உள்ளே தள்ளிவிடுவோம்" என்று வசூலிப்பவர் அவரை மிரட்டினால், அது சட்டம் பேசும் பேச்சல்ல.

சுருக்கமாக: தமிழ்நாட்டில் திரும்பிய காசோலை குற்றவியல் வழக்காகலாம், இங்கே அது கடன் வழக்கு, ஏமாற்றும் எண்ணம் தொடக்கத்திலேயே இருந்தால் மட்டும் குற்றம்.

சமான் என்ற சொல் செய்யும் தீங்கு

சங்கத்தின் முதல் அடி பெரும்பாலும் வழக்கறிஞர் கடிதம். இன்ன தேதியிட்ட காசோலை திரும்பியது, மொத்தப் பாக்கி இவ்வளவு, இத்தனை நாளுக்குள் கட்டுங்கள் என்று அதில் இருக்கும். 7 அல்லது 14 நாள் கொடுப்பது வழக்கம். பேசித் தீர்த்துக்கொள்ள இதைவிட மலிவான கட்டம் கிடையாது, ஏனென்றால் இதன் பிறகு ஒவ்வொரு தாளுக்கும் செலவு கூடி, அந்தச் செலவும் கடன்பட்டவர் கணக்கிலேயே ஏறும்.

அடுத்து வருவது ரிட் சமான், அதாவது வழக்கு தொடுக்கப்பட்டுவிட்டது என்று தெரிவித்துப் பதில் கேட்கும் நீதிமன்ற ஆணை. இங்கே சொல் ஒன்று நம்மை ஏமாற்றுகிறது. சாலையில் வேகமாகப் போனதற்கு வரும் தண்டச்சீட்டையும் நாம் சமான் என்றே சொல்கிறோம். அதற்கு அவ்வப்போது தள்ளுபடி அறிவிப்பார்கள், அதுவரை காத்திருக்கலாம் என்று பழகிவிட்டோம். நீதிமன்றச் சமானுக்குத் தள்ளுபடிக் காலம் இல்லை. அது கையில் கிடைத்த 14 நாளுக்குள், வழக்கில் கலந்துகொள்கிறேன் என்று தெரிவிக்கும் மெமோராண்டம் கெஹாடிரான் என்ற தாளைத் தாக்கல் செய்ய வேண்டும். செய்யாவிட்டால், எதிர்த்தரப்பு வரவில்லை என்ற ஒரே காரணத்துக்காகச் சங்கம் பெங்ஹாகிமான் இங்கார் என்ற தீர்ப்பைப் பெற்றுவிடலாம். கடன் உண்மையில் எவ்வளவு, ஏற்கெனவே கட்டியது கழிக்கப்பட்டதா என்பதையெல்லாம் யாரும் ஆராயாமலே வந்துவிடும் தீர்ப்பு அது. அதை நீக்கக் கோரி விண்ணப்பிக்கலாம். தீர்ப்பு கைக்குக் கிடைத்ததிலிருந்து 30 நாள் என்ற எல்லை அதற்கும் உண்டு. பெரும்பாலானவர்களின் வழக்கு நீதிபதி முன் தோற்பதில்லை, இந்த 14 நாளில்தான் தோற்கிறது.

எந்த நீதிமன்றம் என்பதைத் தொகை தீர்மானிக்கும். 1,00,000 ரிங்கிட் வரை மாஜிஸ்திரேட் நீதிமன்றம். அதற்கு மேல் 10,00,000 வரை செஷன்ஸ் நீதிமன்றம். கூட்டுறவுச் சங்கத்துக்கு இன்னொரு வழியும் உண்டு. சங்கத்துக்கும் உறுப்பினருக்கும் இடையிலான பிணக்குகளைக் கூட்டுறவுத் தீர்ப்பாயத்துக்குக் கொண்டுபோகச் சட்டத்தின் 82ஆம் பிரிவு வகைசெய்கிறது; உறுப்பினர் சங்கத்துக்குத் தர வேண்டிய கடனும் அதில் அடங்கும். எனவே வந்திருக்கும் தாளின் தலைப்பில் நீதிமன்றத்தைக் குறிக்கும் மஹ்கமா என்று இருக்கிறதா, கூட்டுறவுத் தீர்ப்பாயத்தைக் குறிக்கும் ட்ரிபுனல் கோப்பராசி என்று இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். உறுப்பினர் கடனுக்கு நீதிமன்றம் சரியான இடம்தானா என்பது வழக்கறிஞரிடம் கேட்க வேண்டிய நல்ல கேள்வி.

எதைச் சொல்லி எதிர்க்கலாம்?

"கஷ்டம், பணமில்லை" என்பது உண்மையாக இருக்கலாம்; சட்டத்தில் அது மறுப்பு அல்ல. காசோலையைக் கிட்டத்தட்டக் கையிலிருக்கும் ரொக்கமாகவே நீதிமன்றம் பார்க்கும் என்பதால், முழு விசாரணை இல்லாமலே தீர்ப்புக் கேட்கும் பெங்ஹாகிமான் தெருஸ் என்ற குறுக்கு வழியும் சங்கத்துக்கு உண்டு. அதைத் தடுக்க வலுவான காரணம் வேண்டும்: கையெழுத்து என்னுடையதல்ல, மோசடியாலோ மிரட்டலாலோ வாங்கப்பட்டது, கடன் தொகை எனக்குத் தரப்படவே இல்லை, ஏற்கெனவே கட்டிவிட்டேன், ஒப்புக்கொள்ளாத தொகையை நிரப்பியிருக்கிறார்கள் என்பன போன்றவை. உரிமை எழுந்த நாளிலிருந்து ஆறாண்டு கழிந்திருந்தால் காலக்கெடு கடந்தது என்றும் வாதிடலாம். ஆனால் இடையில் ஒரு சிறு தொகை கட்டியிருந்தாலோ, கடனை ஒப்புக்கொண்டு எழுத்தில் கையெழுத்திட்டிருந்தாலோ அந்த ஆறாண்டு புதிதாகத் தொடங்கும்.

சங்கம் காசோலையின் பேரிலும் கடன் ஒப்பந்தத்தின் பேரிலும் சேர்த்தே வழக்குத் தொடுக்கலாம்; பணத்தை மட்டும் இரு முறை வாங்க முடியாது. உறுப்பினரின் பங்குத்தொகையைக் கடனுக்கு ஈடாகக் கழித்துக்கொள்ளவும் சட்டம் இடமளிக்கிறது. ஆகவே கழித்த பிறகு எஞ்சிய பாக்கி எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள்.

தீர்ப்புக்குப் பிறகு

தீர்ப்பு வந்துவிட்டால் அது பன்னிரண்டு ஆண்டுகள் உங்களைத் தொடர முடியும். பொருள்களைப் பறிமுதல் செய்து விற்கலாம். வங்கிக் கணக்கிலுள்ள பணத்தைத் திருப்பிவிடக் கோரலாம். இ.பி.எஃப். கணக்கில் இருக்கும் ஓய்வூதியச் சேமிப்பில் மட்டும் கடன்கொடுத்தவர் கைவைக்க முடியாது. வருமானம் எவ்வளவு, செலவு எவ்வளவு என்று விசாரித்துத் தவணை விதிப்பதற்காக நீதிமன்றம் கடன்பட்டவரை அழைக்கவும் செய்யும். இந்த அழைப்பைப் புறக்கணித்தால் கைது ஆணை வரலாம். "கடனுக்காகப் பிடித்துக்கொண்டு போனார்கள்" என்று ஊரில் பேசப்படுபவற்றுள் சில, உண்மையில் நீதிமன்றம் அழைத்தும் போகாததன் விளைவு. கடன் 1,00,000 ரிங்கிட்டை எட்டினால் திவால் நடவடிக்கைக்கும் வழி உண்டு. 2021இல் உயர்த்தப்பட்ட வரம்பு அது; முன்பு 50,000. நம் லாரி ஓட்டுநரைப் போன்ற சிறுகடன்காரரை அது தொடாது.

பேசித் தீர்க்கும்போது

தவணையை மாற்றியமைக்கச் சங்கங்கள் பெரும்பாலும் இணங்குகின்றன, ஏனெனில் வழக்கு அவர்களுக்கும் செலவு. போகுமுன் வருமானத்தையும் செலவையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போவது நல்லது. கணக்குப் போடத் தெரியாவிட்டால், பேங்க் நெகாரா 2006இல் அமைத்த ஏ.கே.பி.கே. என்ற கடன் ஆலோசனை அமைப்பு இலவசமாக உதவும். சட்ட ஆலோசனைக்குப் பினாங்கில் அரசின் சட்ட உதவித் துறையும் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையமும் இருக்கின்றன.

உடன்பாடு ஏற்பட்டால் அதை எழுத்தில் வாங்குங்கள். பழைய காசோலைகள் என்னவாகும் என்பதும் அந்த எழுத்தில் இருக்க வேண்டும். நம் ஓட்டுநர் புதிய தவணைக்கு ரொக்கமாகக் கட்டத் தொடங்கிய பிறகும், மிச்சமிருக்கும் 13 காசோலைகள் சங்கத்தின் இரும்புப் பெட்டியில்தான் கிடக்கும். யாரோ ஓர் எழுத்தர் பழைய பட்டியலைப் பார்த்து அடுத்த மாதக் காசோலையை வங்கியில் போட்டுவிட்டால் கதை மறுபடியும் முதலிலிருந்து தொடங்கும். ஆகவே அவற்றை எண்ணித் திரும்ப வாங்கி, காசோலை எண்களைக் குறித்துக்கொண்டு, கடைசித் தவணை முடிந்த அன்று கடன் முற்றும் தீர்ந்தது என்ற கடிதத்தைச் சங்கத்தின் முத்திரையோடு பெற்றுக்கொள்ள வேண்டும். வழக்கு ஏற்கெனவே தொடுக்கப்பட்டிருந்தால், அதைத் திரும்பப் பெற்றதற்கான நீதிமன்றத் தாளின் பிரதியையும் கேட்டு வாங்குங்கள்.